துண்டின் மானம்

கும்மிடிப்பூண்டி ரயிலடிக்கு எதிரே, ஒரு பட்டாணிக் கடையின் மாடியில், வட்டார நிலத் தரகர் ஒழுக்கப் பாதுகாப்புச் சங்கம் இயங்கிவந்தது. ஒழுக்கத்தை ஏன் மாடியில் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று பயந்திருக்கலாம். வாசலில் பச்சைப் பலகை. அதில் ஒரு வெள்ளைத் துண்டு. அதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் நுழைகிற இரண்டு கைகள். படத்துக்குக் கீழே 'துண்டின் மானம் காப்போம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், 'தரகர் தவறு செய்தால் மேலே வரவும்.'

அது எழுபத்து நான்காம் வருஷம். தொழிற்பேட்டை வரப்போகிறது, எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் கம்பெனியாகவே நிற்கப்போகிறது என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. பேச்சு கிளம்பிய சூட்டோடு சூடாக மாட்டுத் தரகர்களெல்லாம் நிலத் தரகர்களாகிவிட்டார்கள். பல்லைப் பிடித்து மாட்டுக்கு வயசு சொன்னவர்கள், மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "பேக்டரிக்குன்னே பொறந்த மண்ணு சார்" என்று மெட்ராஸ்காரர்களிடம் சொன்னார்கள். தொழில் மாறியதே தவிரத் துண்டு மாறவில்லை. சந்தையில் செய்தது போலவே இரண்டு பேர் கையையும் துண்டால் மூடிக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். எந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று முன்னாலேயே பேசிவைத்துக்கொள்வார்கள். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் முழு மனசோடு சம்மதம். முஷ்டியை மூடிக்கொண்டால் விற்பனைக்கு இல்லை, எழுந்து போ என்று அர்த்தம். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் கூடாது.

அந்த மாடிப்படியில்தான் வேப்பங்கண்டிகை தேசப்பன் ஏறினான்.

அவனுக்கு நிலம் இரண்டு துண்டு. ரோட்டோரம் மேட்டுக் கொல்லை; முள்ளும் ஓணானும் தவிர அதில் எதுவும் விளைந்ததில்லை. அதற்குப் பின்னால் கேணிக் கொல்லை. அந்தக் கேணியைத் தேசப்பனும் அவனைப் பெற்ற நைனாவும் கடப்பாரை போட்டுத் தங்கள் கையாலேயே வெட்டினார்கள். கோடையிலும் வற்றாது. அந்தத் தண்ணீரில் நெல் விளையும், குடும்பம் சாப்பிடும். தண்ணீர் இறைக்கிற கவலையை இழுத்து இழுத்து மாடும் அவனும் ஒன்றாகக் கிழடு தட்டிக்கொண்டிருந்ததால், மேட்டுக் கொல்லையை விற்றுக் கேணிக்கு ஒரு கரண்ட் மோட்டார் வாங்கலாம் என்று அவன் ஆசைப்பட்டான். தப்பான ஆசை என்று யாரும் சொல்ல முடியாது.

தரகு பேச வெளியாளைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. குப்புராஜ் இருந்தான். தேசப்பன் பெண்சாதி கங்கம்மாவுக்குச் சின்னம்மா பிள்ளை. தாயில்லாமல் அக்கா வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். தேசப்பனுக்கு மாடு பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான். மெட்ராஸ் கம்பெனி மானேஜரை அவனே அழைத்துவந்தான். கட்டைவிரல் என்றால் மேட்டுக் கொல்லை, சுண்டுவிரல் என்றால் கேணிக் கொல்லை என்று பேசிவைத்துக்கொண்டார்கள். தேசப்பன் துண்டுக்குள் கட்டைவிரலைத்தான் கொடுத்தான். பத்திர ஆபீசில் யாரோ சர்வே நம்பரைக் கடகடவென்று வாசித்தார்கள். "நம்புள்துதான் மாமா, உருட்டு" என்றான் குப்புராஜ். தேசப்பன் அதே கட்டைவிரலை மையில் உருட்டி வைத்துவிட்டு, வருகிற வழியிலேயே மோட்டாரை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

கம்பெனி லாரி கம்பி வேலிக்கான கல்லுக்கால்களோடு வந்து நின்றது கேணிக் கொல்லையில். கேணிக்கு மோட்டார் வாங்கப் போனவன் கேணியை விற்றுவிட்டு மோட்டாரோடு வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"நீ சுண்டுவெரலத்தான் குட்த மாமா" என்றான் குப்புராஜ், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"என் வெரலு எனக்குத் தெரியாதாடா?"

"துண்டுக்குள்ள இருட்டு மாமா. யாருக்கு இன்னா தெரியும்?"

அதனால்தான் தேசப்பன் மாடிக்கு வந்தான். சங்கத் தலைவர் அருணாச்சலம் நாற்காலியில் இருந்தார். சுவரில் மூன்று இடங்களில் படமாகவும் இருந்தார். பழைய மாட்டுத் தரகர். இப்போது அங்கவஸ்திரமும் மேடைத் தமிழும் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் செயலாளர் முனிகிருஷ்ணன், பேனாவைத் திறந்தபடி.

தேசப்பன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த தலைவரின் முகம் சிவந்தது. மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

"ஒழுங்கீனம் என்றால் நான் நெருப்பு! இந்த வட்டாரத்தில் ஒழுங்கீனம் செய்த ஒரு தரகனாவது தப்பியிருப்பானா? கேளுங்கள் செயலாளரை!"

"ஒருத்தனும் தப்பல" என்றார் செயலாளர். "இதுவரிக்கும் யார்மேலயும் நடவடிக்கயே எடுக்கல, தப்பறதுக்கு."

தேசப்பனுக்கு மனசு குளிர்ந்தது. அப்போது செயலாளர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். நெருப்பு அணைந்தது.

"குப்புராஜ் நமது சங்கத்தின் உறுப்பினர் இல்லையாமே?" என்றார் தலைவர். "ஐயா, உறுப்பினர் அல்லாத ஒருவன் ஏமாற்றினால் அது வெறும் துரோகம். துரோகத்தைப் பற்றி எங்கள் சட்டதிட்டத்தில் ஒரு வார்த்தையும் கிடையாது. உறுப்பினர் ஏமாற்றினால்தான் அது ஒழுங்கீனம்."

"அப்ப என் கேணி இன்னா ஆவுறது சாமி?"

"பேஜார் படாதப்பா" என்றார் செயலாளர். "அவன மெம்பராக்கிட்டாப் போச்சு. மெம்பரான ஒடனே தூக்கிப் போட்டு மிதிச்சிடலாம்."

அதற்கும் ஒரு விதி இருந்தது. புதிதாகச் சேருகிறவனுக்கு, அவனிடம் தரகு பேசிய ஒருவர் சபையில் ஜாமீன் நிற்க வேண்டும். துண்டுக்குள் அவன் ஐந்து விரலையும் பிடித்து, இவன் நாணயமானவன் என்று உறுதி சொல்ல வேண்டும்.

"அவனப் போயி நாணயமானவன்னு எவன் சொல்லுவான்?" என்றான் தேசப்பன்.

இரண்டு பேரும் அவனையே பார்த்தார்கள்.

"நீதானேப்பா அவன் கஸ்டமரு?" என்றார் செயலாளர்.

சேர்க்கை விழா தடபுடலாக நடந்தது. குப்புராஜ் சலவை வேட்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்தான். மாலை ஜாமீன்தாரர் செலவு. தேசப்பன் வாங்கி வந்த மாலையைத் தேசப்பனே அவன் கழுத்தில் போட்டான். துண்டைப் போட்டு மூடினார்கள். உள்ளே, தன் கேணியை விழுங்கிய கையின் ஐந்து விரலையும் தேசப்பன் பிடித்தான். கேணி திரும்பி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். குப்புராஜின் கை ஜில்லென்று இருந்தது. சபை கைதட்டியது. எல்லாருக்கும் நாஷ்டா கொடுத்தார்கள். அதுவும் ஜாமீன்தாரர் செலவு.

வீட்டில் கங்கம்மா மோட்டாரின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வேறு இடம் இல்லை. நடுக்கூடத்தை அது அடைத்துக்கொண்டிருந்தது.

"மால போட்டியா அவனுக்கு?"

"போட்டாத்தான் அவனக் கேள்வி கேக்க முடியுமாம்."

"உன்ன யாரு கேள்வி கேக்கறது?" என்றாள் கங்கம்மா. "பயிரு பால் புடிக்கிற நேரம்யா. கம்பிக்கு இந்தாண்ட நின்னுக்கினு பாத்தேன். தல தொங்கிப்போச்சு. நம்ப கேணி, நம்ப பயிரு, ஒரு கொடம் ஊத்த வுடமாட்டன்றான் வாட்ச்மேன்."

விசாரணை நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தேசப்பன் நம்பினான். நம்பிக்கை அவனுக்குப் பழக்கம். அதுதான் அவனுடைய ஒரே கெட்ட பழக்கமும்.

விசாரணை நாளில் மாடி நிரம்பி வழிந்தது. முதல் சாட்சியாகத் துண்டை அழைத்தார்கள். பேரம் நடந்தபோது உள்ளே இருந்ததை அறிந்த மூன்றாம் நபர் அது ஒன்றுதான் என்பது தலைவரின் சட்ட ஞானம். குப்புராஜ் அதை ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தான். சோடா உப்புப் போட்டு வெளுத்து, நீலம் போட்டு, பெட்டி தேய்த்து நான்காக மடித்திருந்தது.

தலைவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"சாட்சியின் மேல் களங்கம் ஏதும் இல்லை" என்றார். "பதிவு செய்க."

"அத்த வெளுத்துட்டான் சாமி!" என்று கத்தினான் தேசப்பன்.

"சாட்சியைச் சுத்தமாக வைத்திருப்பது குற்றமாகாது. நீங்கள் சொல்லுங்கள். என்ன நடந்தது?"

"துண்டுக்குள்ள நான் கட்டவெரலக் குட்தேன். அவன்..."

அவ்வளவுதான். சபையில் 'ஐயையோ' என்று ஒரு கூச்சல். சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒரு வயசான தரகர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைவர் எழுந்து நின்றார். குரல் தழுதழுத்தது.

"துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லிவிட்டீரே! எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எத்தனை குருட்டு மாட்டைக் கண்ணுள்ள மாடு என்று விற்றிருக்கிறோம்! எத்தனை மலட்டுப் பசுவைச் சினை என்று தள்ளியிருக்கிறோம்! என்றாவது, எவனாவது, துண்டுக்குள் பேசியதை வெளியே சொன்னதுண்டா? ஏமாற்றுவது மனித பலவீனம் ஐயா. வெளியே சொல்வது மன்னிக்க முடியாத பாவம். புகார்தாரர் உறுப்பினர் அல்லாததால் அவரைத் தண்டிக்க முடியாமல் போவதற்குச் சபை மிகவும் வருந்துகிறது. அவர் சொன்னதை நீக்குக."

செயலாளர் நீக்கினார்.

"மேலும்" என்றார் தலைவர், "எதிர்த்தரப்பு நாணயமானவர் என்று இதே புகார்தாரர் இதே சபையில் ஐந்து விரல் பிடித்திருக்கிறார்."

"நீங்கதானே சாமி புடிக்கச் சொன்னீங்கோ?"

"பிடித்த விரல் யாருடையது?"

தேசப்பன் தன் கையைத் தானே பார்த்தான். அது தன்னுடையதுதானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

அப்போது கங்கம்மா மாடிப்படி ஏறி வந்துவிட்டாள். பெண்கள் வரக்கூடாது என்று ஒருவர் தடுத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. நேராகக் குப்புராஜ் முன்னால் போய் நின்றாள்.

"டேய் குப்பு. உங்கம்மா செத்த அன்னிக்கு உன்ன எந்தக் கேணியாண்டடா குளிப்பாட்டி இட்டாந்தேன்? சொல்றா. சங்கத்துக்கு வேணாம். எனக்குச் சொல்லு."

குப்புராஜ் தலையைக் குனிந்தான். பொலபொலவென்று கண்ணீர் விட்டுவிட்டான். அது நிஜமான கண்ணீர்தான். அதில் சந்தேகம் வேண்டாம். "அக்கா" என்று ஏதோ சொல்லவும் வாயெடுத்தான். அதற்குள் தலைவர் முந்திக்கொண்டார்.

"எதிர்த்தரப்பு மனம் வருந்துகிறார். தண்டனையில் பாதி கழிக்கப்படுகிறது. பதிவு செய்க."

குப்புராஜ் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாதித் தண்டனையைக் கழித்த கண்ணீரை மேலும் வீணாக்க அவனுக்கு மனம் இல்லை.

தீர்ப்பைத் தலைவர் நின்றுகொண்டே வாசித்தார். குப்புராஜ் செய்த குற்றம் கொடியது. உறுப்பினராகும் முன்பே அவர் தரகு பேசியிருக்கிறார். இதனால் சங்கத்துக்கு ஈடுகட்ட முடியாத மனவேதனை. ஆகவே, சம்பந்தப்பட்ட நிலத்திலிருந்தே தண்டம் வசூலிக்கப்படும். கேணிக் கொல்லையில் நடக்கும் விழாவில், தேசப்பன் முன்னிலையில், நிலம் முறைப்படி ஒப்படைக்கப்படும்.

தேசப்பன் காதில் விழுந்தது இவ்வளவுதான்: கேணிக் கொல்லை, தேசப்பன், ஒப்படைக்கப்படும். அவன் அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டான். கங்கம்மா கும்பிடவில்லை. ஆனால் அவள் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. வீட்டுக்குப் போனதும் இரண்டு பேரும் சேர்ந்து மோட்டாரைத் துடைத்தார்கள். தேசப்பன் எண்ணெய் போட்டான். அவள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

விழா நாளில் மாட்டு வண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் கேணிக் கொல்லைக்குப் போனார்கள். வாட்ச்மேன் அன்றைக்குக் கம்பியைத் திறந்து சல்யூட் வைத்தான். பந்தல் போட்டிருந்தது. வாழை மரம் கட்டியிருந்தது. பாதி காய்ந்த பயிரை அறுத்துத் தள்ளி அந்த இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். கேணி மேட்டை ஒட்டி ஒரு சின்னக் குழி தோண்டி, பக்கத்தில் ஒரு கல் வைத்திருந்தார்கள். கல்லில் தலைவர் பெயர் பெரிதாக இருந்தது.

"இது இன்னாத்துக்குக் குழி?" என்றான் தேசப்பன்.

"அஸ்திவாரம்பா" என்றார் செயலாளர். "சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம். கேணிய முடிச்சிக் குட்த சந்தோஷத்துல கம்பெனி இந்த மூலய உன் மச்சான் பேருக்கு எழுதிக் குட்துச்சு இல்ல? அத்த சங்கம் தண்டமாப் புடிங்கிக்கிச்சி. எப்பிடித் தண்டன?"

"என் நெலம்?"

"உன் பேரும் கல்லுல கீதுப்பா. கீழ பாரு."

இருந்தது. 'முன்னிலை: தேசப்பன், புகார்தாரர்.' முதல் செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் கௌரவமும் அவனுக்கே தரப்பட்டது. வாளியைக் கையில் கொடுத்தார்கள். எல்லாரும் பார்க்கிறார்களே என்று அவன் இறைத்தான். தண்ணீர் எப்போதும் போலத் தெளிவாக, குளிர்ச்சியாக வந்தது. தன் கேணித் தண்ணீரைத் தன் நிலத்துக் குழியில் ஊற்றினான். மண் அதை உறிஞ்சிக்கொண்டது. நைனா செத்த அன்றுகூட அவனுக்கு இப்படி இருந்ததில்லை.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"தேசப்பனைப் பாருங்கள்! புகார் கொடுக்க வந்தவர். இன்று நம் கட்டடத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். இதுவல்லவா ஒழுங்கு நடவடிக்கையின் வெற்றி! வெறுங்கையோடு வந்தாரா? இல்லை. வண்டியைப் பாருங்கள். சங்கத்துக்கு ஒரு மோட்டாரே கொண்டுவந்திருக்கிறார்!"

பலத்த கைதட்டல். இரண்டு பேர் போய் மோட்டாரை இறக்கத் தொடங்கினார்கள். கங்கம்மா வண்டியிலிருந்து இறங்கவில்லை. மோட்டாரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "தொட்டீங்கோ, கைய ஒடச்சிருவேன்" என்றாள். அவர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள்.

தேசப்பனுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு துண்டு போர்த்தினார்கள். நீலம் போட்டு, பெட்டி தேய்த்தது. பார்த்தவுடனே அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. போர்த்தியவன் குப்புராஜ். போர்த்தின கையோடு பக்கத்தில் உட்கார்ந்து, துண்டின் ஒரு முனையைத் தன் கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மாமா" என்றான் மெதுவாக. "மேட்டுக் கொல்லய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? தண்ணியில்லாத நெலம். கம்பெனிக்கு ரோட்டாண்ட வாசல் கேட்டு போடணுமாம். நல்ல டப்பு. நான் தரகுகூட வாங்கல, சத்தியமா. செஞ்சதுக்குப் பரிகாரமா நெனச்சிக்கோ. கையக் குடு."

பழக்கம் பொல்லாதது. தேசப்பனின் கை தானாகத் துண்டுக்குள் போய்விட்டது. குப்புராஜின் விரல்கள் அதே ஜில்லிப்போடு வந்து தொட்டன. தொட்டதும் தேசப்பனுக்கு எல்லாம் தெளிந்தது. இவனுக்குச் சோறு போட்டதும், மாலை போட்டதும், ஐந்து விரல் பிடித்ததும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. முஷ்டியை இறுக்க மூடிக்கொண்டான். நகம் உள்ளங்கையில் பதிகிற அளவுக்கு மூடினான்.

குப்புராஜ் சபையைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா முழு மனசா ஒத்துக்கினாரு!"

சபை கைதட்டியது. கம்பெனி மானேஜர் எழுந்து வந்து கும்பிட்டார். தேசப்பன் வாயைத் திறந்தான், உடனே மூடிக்கொண்டான். துண்டுக்குள் நடந்ததை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று அவன் ஏற்கனவே படித்திருந்தான். அதனால் சொல்லவில்லை. எழுந்து நின்று, இடது கையால் துண்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து எறிந்தான்.

குப்புராஜின் உள்ளங்கையில் தேசப்பனின் மூடிய முஷ்டி வெட்டவெளிச்சத்தில் இருந்தது.

"பாருங்க!" என்று அலறினான். "எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க!"

வண்டியிலிருந்து கங்கம்மா பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. துண்டு பறந்த அந்த நொடியிலேயே, தலைவர் முதல் கடைசி வரிசைத் தரகர் வரைக்கும், சங்கத்தார் அத்தனை பேரும் ஒழுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"முடிந்ததா?" என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல். "பதிவு செய்க."

முனிகிருஷ்ணன் கண்ணை மூடியபடியே, ஒரு எழுத்துக்கூடக் கோணாமல் எழுதினார்: ஐந்து விரல்.